தீ விபத்தா, தீ வைத்ததா? கருகிய குப்பையிலிருந்து பெட்ரோலைக் கண்டுபிடிப்பது எப்படி? முதல் நாள் ஏன் முக்கியம்?

"மின் கசிவே தீ விபத்துக்குக் காரணம் என முதற்கட்ட விசாரணையில் தெரியவந்துள்ளது." பஞ்சு குடோன், பட்டாசுக் கடை, வீடு, வைக்கோல் படப்பு... எங்கே தீப்பிடித்தாலும் செய்தியின் கடைசி வரி பெரும்பாலும் இதுதான்.

ஆனால் அந்த முதற்கட்டத்துக்குப் பிறகு இரண்டாம் கட்டம் நடந்ததா? எரிந்த இடத்திலிருந்து ஒரு பிடி கருகிய மண்ணாவது ஆய்வகத்துக்குப் போனதா? இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மாதிரி பஞ்சும் நூலும் துணியும் குவிந்து கிடக்கும் ஊர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. இங்கே ஒரு குடோன் எரிந்தால் ஒரு பக்கம் இன்சூரன்ஸ் பணம், இன்னொரு பக்கம் கூலிக்காரர்களின் பிழைப்பு. தீ வைத்தவர் தப்பிக்கவும் வாய்ப்பு இருக்கு, ஒன்றும் செய்யாதவர் மாட்டிக்கொள்ளவும் வாய்ப்பு இருக்கு. எது நடக்கும் என்பது தீ அணைந்த முதல் சில மணி நேரத்தில் யார், எதை, எந்த டப்பாவில் எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது.

விரிவாகப் பார்க்கலாம்.

புதிய சட்டம் என்ன சொல்கிறது?

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சுருக்கமாக பிஎன்எஸ்எஸ், நடைமுறைக்கு வந்தது. அதன் 176(3) பிரிவு முக்கியமானது. 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை கிடைக்கக்கூடிய குற்றம் என்றால், தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு நேரில் போய் தடயம் சேகரிக்க வேண்டும். சேகரிப்பதை வீடியோவாகவும் பதிவு செய்ய வேண்டும். இதை எந்தத் தேதியிலிருந்து கட்டாயமாக்குவது என்பதை மாநில அரசு அறிவிக்கலாம். அதற்கு 5 ஆண்டு அவகாசம். அதாவது 2029-ம் ஆண்டு மத்தியில் அந்த அவகாசம் முடிகிறது.

தீ வைப்பது இந்த வரம்புக்குள் வருமா? வரும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 326(f) பிரிவுப்படி, தீ வைத்து சொத்தை நாசம் செய்தால் 7 ஆண்டு வரை சிறை. வீடு, வழிபாட்டு இடம், பொருட்களைச் சேமித்து வைக்கும் கட்டடம் என்றால் 326(g) பிரிவு. அதில் 10 ஆண்டு அல்லது ஆயுள் தண்டனை வரை போகலாம். பழைய ஐபிசி-யில் இவை 435, 436.

அப்போ பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. இங்கேதான் ஒரு முடிச்சு இருக்கு.

நிபுணர் வர வேண்டும் என்றால், அது குற்றம் என்று பதிவாகியிருக்க வேண்டும். ஆனால் தீ அணைந்த காலையில் அது குற்றமா, விபத்தா என்று யாருக்கும் தெரியாது. வழக்கமாக 'தீ விபத்து' என்றுதான் பதிவாகும். விபத்து என்று எழுதினால் நிபுணரை அழைக்கும் கட்டாயம் இல்லை. நிபுணர் வராவிட்டால் மாதிரி எடுக்க மாட்டார்கள். மாதிரி இல்லாவிட்டால் அது விபத்து இல்லை என்று பிற்பாடு யாராலும் காட்ட முடியாது.

முதல் நாள் எழுதிய ஒரு வார்த்தை, வழக்கின் கடைசி நாள் வரை கூடவே வருகிறது.

பெட்ரோல் ஊற்றியிருந்தால் எல்லாம் எரிந்து போயிடாதா?

பலரும் நினைப்பது அப்படித்தான். ஆனால் திரவ பெட்ரோல் எரிவதில்லை, அதிலிருந்து கிளம்பும் ஆவிதான் எரிகிறது. தரையில் ஊற்றிய பெட்ரோல் சிமென்ட் விரிசலில், வாசற்படிக்கு அடியில், மண்ணுக்குள், பஞ்சுப் பொதியின் அடிப்பாகத்தில் இறங்கிவிடும். அங்கே காற்று போகாது, சூடும் குறைவு. மேலே கூரை இடிந்து விழுந்தால் அதுவே ஒரு மூடி மாதிரி ஆகிவிடும். தீ மேலே எரிந்துகொண்டிருக்கும், கீழே கொஞ்சம் பெட்ரோல் பத்திரமாக இருக்கும்.

அதனால்தான் அனுபவமுள்ள தடயவியல் ஆட்கள் மேலே கிடக்கும் சாம்பலை எடுப்பதில்லை. அடுக்கடுக்காகத் தோண்டி, தரையோடு ஒட்டிய அடிக்குப்பையை எடுப்பார்கள். வாசல் ஓரம், சுவர் மூலை, துணி அல்லது சாக்கு அழுந்திக் கிடந்த இடம் இவையெல்லாம் முக்கியம்.

ஆனால் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். வெயில் பட்டால் ஆவியாகும். தண்ணீர் அடித்தால் சிலது அடித்துக்கொண்டு போகும். தோட்ட மண்ணில் ஊறியிருந்தால், மண்ணில் உள்ள நுண்ணுயிரிகளே பெட்ரோலின் சில வேதிப்பொருட்களைத் தின்றுவிடும். மண் மாதிரியைக் குளிரில் வைக்க வேண்டும் என்பது இதனால்தான்.

ஆய்வகத்தில் என்ன செய்கிறார்கள்?

தமிழ்நாட்டில் இந்த வேலைக்குப் பழைய வரலாறு உண்டு. 1849-ல் சென்னையில் தொடங்கிய ரசாயன ஆய்வாளர் கூடம்தான் இந்தியாவிலேயே இந்த வகையில் முதல் ஆய்வகம். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய தடய அறிவியல் துறை. மதுரை, திருநெல்வேலி, ராமநாதபுரம் உட்பட பல ஊர்களில் மண்டல ஆய்வகங்கள் இருக்கின்றன.

உலகம் முழுக்க அதிகம் பயன்படும் முறை இது. கருகிய குப்பை இருக்கும் டப்பாவைத் திறந்து, உள்ளே சின்ன கரித்துண்டுப் பட்டை ஒன்றைத் தொங்கவிட்டு மறுபடி மூடுவார்கள். டப்பாவை 60 முதல் 80 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, பல மணி நேரம் அப்படியே வைப்பார்கள். குப்பையில் ஒளிந்திருக்கும் பெட்ரோல் ஆவியாகி மேலே வரும், கரி அதைப் பிடித்துக்கொள்ளும். பிறகு அந்தக் கரியை ஒரு கரைப்பானில் கழுவி, ஜிசி-எம்எஸ் என்ற கருவியில் செலுத்துவார்கள்.

அந்தக் கருவி கலவையைத் தனித்தனி வேதிப்பொருளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எது என்று அடையாளம் காட்டும். திரையில் மலை மலையாக ஒரு வரைபடம் வரும். அதைக் கைரேகை மாதிரி படிக்க வேண்டும்.

பெட்ரோல்: டொலுயீன், ஸைலீன் போன்ற பொருட்கள் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் கூட்டமாகத் தெரியும்.

மண்ணெண்ணெய்: சுமார் 9 முதல் 16 வரை கார்பன் அணுக்கள் உள்ள சங்கிலிகள், ஒரே சீரான இடைவெளியில் வரிசையாக நிற்கும்.

டீசல்: அதே வரிசைதான், ஆனால் 20-ஐயும் தாண்டிய கனமான சங்கிலிகள் வரை நீளும்.

டர்பன்டைன்: பைன் மரத்திலிருந்து வரும் பொருட்கள். மரச்சாமான் எரிந்தாலே இது கொஞ்சம் வரும் என்பதால் கவனம் தேவை.

எவ்வளவு நுணுக்கம் என்றால், ஒரு மைக்ரோலிட்டரில் பத்தில் ஒரு பங்கு இருந்தால்கூட நல்ல ஆய்வகம் கண்டுபிடித்துவிடும். ஒரு சொட்டுத் தண்ணீரை 500 பங்காகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு அளவு அது.

நம்ம ஊரில் என்ன சிக்கல்?

கருவி அவ்வளவு நுணுக்கம் என்பதே ஒரு பிரச்சினைதான். எங்கே பார்த்தாலும் பெட்ரோலியப் பொருள் இருக்கிறது. குடோன் வாசலில் பைக் நிற்கும், உள்ளே ஜெனரேட்டர் இருக்கும், லாரி டீசல் சிந்தியிருக்கும். தீயணைக்க வந்த பம்ப்செட், அதை இயக்கியவரின் பூட்ஸ், மாதிரி எடுத்தவரின் கையுறை இதிலிருந்துகூட பெட்ரோல் ஒட்டலாம்.

ராஜபாளையத்தின் நூற்பாலைகளையும் சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணித் தொழிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சு எரிய எரியூட்டியே தேவையில்லை. பொதிக்குள் வந்த ஒரு கல் அல்லது இரும்புத் துண்டு புளோ ரூம் இயந்திரத்தில் உரசி வரும் பொறி போதும். அந்தப் பொறி பொதிக்குள் மணிக்கணக்கில் கனன்று, ஆள் இல்லாத நேரத்தில் கொழுந்துவிட்டு எரியலாம். "ராத்திரி 2 மணிக்கு எப்படித் தானா எரியும்?" என்ற சந்தேகம் மட்டுமே ஆதாரம் ஆகாது.

எண்ணெய் துடைத்த காட்டன் வேஸ்ட் இன்னொரு சிக்கல். ஆளி விதை எண்ணெய் மாதிரி தாவர எண்ணெய் ஊறிய பஞ்சு, குவியலாகக் கிடந்தால் தானாகச் சூடேறி எரியும். இயந்திரத்துக்குப் போடும் மினரல் ஆயில் பொதுவாக அப்படிச் செய்யாது. எந்த எண்ணெய் என்று கேட்டால் ஆய்வகம் சொல்லிவிடும். ஆனால் அது பெட்ரோல் சோதனை இல்லை, தனிச் சோதனை. கடிதத்தில் கேட்டால்தான் செய்வார்கள்.

பிளாஸ்டிக்கும் ஏமாற்றும். ஃபோம், ரப்பர், கார்பெட் எரியும்போதே பென்சீன், டொலுயீன், ஸ்டைரீன் எல்லாம் வெளிவரும். அனுபவம் இல்லாதவர் பார்த்தால் பெட்ரோல் என்று நினைத்துவிடலாம். பாலிதீன் எரிந்தால் மண்ணெண்ணெய் மாதிரியே வரிசையான கோடுகள் வரும். ஆனால் மண்ணெண்ணெய்க்கு ஒவ்வொரு இடத்திலும் ஒரு பெரிய கோடு, பாலிதீனுக்கு மூன்று மூன்றாக ஒட்டி நிற்கும். இந்த வித்தியாசத்தில் ஒருவருடைய ஆயுள் தண்டனை தொங்கலாம்.

பக்கத்திலேயே சிவகாசி இருப்பதால் பட்டாசு மருந்து சந்தேகமும் வரும். அதற்குத் தேட வேண்டியது நைட்ரேட், குளோரேட், கந்தகம், அலுமினியம். கரித்துண்டு முறையில் இவை சிக்காது. தண்ணீரில் கரைத்து வேறு கருவியில் பார்க்க வேண்டும். எனவே மாதிரியும் தனியாக எடுக்க வேண்டும்.

இதற்கெல்லாம் ஒரே மருந்து 'ஒப்பீட்டு மாதிரி'. எரிந்த இடத்தில் எடுப்பதோடு, அதே தரை, அதே சாக்கு, அதே பஞ்சு இருக்கும் எரியாத மூலையிலிருந்தும் ஒன்று எடுக்க வேண்டும். இரண்டிலும் ஒரே பொருள் வந்தால் அது குடோனின் வழக்கமான வாசனை. ஒன்றில் மட்டும் வந்தால் யோசிக்க வேண்டிய விஷயம்.

மோப்ப நாய் போதாதா?

ராஜபாளையம் என்றாலே நாய் ஞாபகம் வரும். ஆனால் அது கண்ணால் பார்த்து விரட்டும் வேட்டை வகை. எரியூட்டியை மோப்பம் பிடிக்கப் பெரும்பாலும் லாப்ரடார்தான் பயன்படுகிறது. 1986-ல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் இந்த வேலைக்குப் பயிற்சி பெற்ற 'மேட்டி' என்ற லாப்ரடார் இதில் முன்னோடி.

நாய் எங்கே தோண்டலாம் என்று காட்டும், அவ்வளவுதான். நாய் காட்டிய இடத்தை ஆய்வகம் உறுதி செய்யாவிட்டால் அதை ஆதாரமாக வைக்கக்கூடாது என்பதே சர்வதேச நடைமுறை.

அரக்கு சீல் வைத்த துணிப்பை போதுமா?

கத்தி, ரத்தக்கறை படிந்த சட்டை போன்றவற்றைத் துணியில் அல்லது காகிதத்தில் சுற்றி அரக்கு சீல் வைப்பது காவல்துறையின் பழைய பழக்கம். ரத்தத்துக்கு அது சரி, காற்று பட்டால்தான் நல்லது. பெட்ரோலுக்கு அது நேர் எதிர். சீல் அப்படியே இருக்கும், உள்ளே இருந்த பெட்ரோல் துணி வழியாகப் போயிருக்கும். சாதாரண பாலிதீன் பையும் உதவாது, அதன் வழியாகவும் ஆவி கசியும்.

வேண்டியது, இதுவரை பயன்படுத்தாத புது பெயின்ட் டப்பா போன்ற தகர டின். இல்லாவிட்டால் இறுக்கமான மூடியுள்ள கண்ணாடி ஜாடி. ஆவி சேர இடம் வேண்டும் என்பதால் முழுக்க அடைக்கக்கூடாது. ஒவ்வொரு இடத்துக்கும் தனி டின், புதுக் கையுறை. கோடிக்கணக்கில் கருவி வாங்கி வைத்திருந்தாலும், முடிவைத் தீர்மானிப்பது இந்தச் சாதாரண டின்தான்.

வீட்டுக்குள் நடந்தால்?

இன்னும் கனமான கேள்வி இது. "ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி" என்ற தலைப்பை எத்தனை முறை படித்திருப்போம்? திருமணமாகி 7 ஆண்டுக்குள் ஒரு பெண் சந்தேகமான முறையில் இறந்தால் ஆர்டிஓ விசாரணை நடக்கும். வரதட்சணை மரணம் என்று உறுதியானால் குறைந்தது 7 ஆண்டு சிறை.

ஆனால் முதலில் பதிவாவது 'சந்தேக மரணம்' என்றுதான். அதற்குள் ஆம்புலன்ஸ், தீக்காய வார்டு என்று அவசரம். உயிரைக் காப்பாற்றும் ஓட்டத்தில் கருகிய சேலையை வெட்டி எடுத்து ஓரமாகப் போட்டுவிடுவார்கள். அந்தச் சேலையும் தலைமுடியும்தான் முக்கியமான தடயம். அடுப்பிலிருந்து பற்றினால் பெரும்பாலும் முந்தானை, முன்பக்கம், கீழ்ப்பக்கம். தலையில் மண்ணெண்ணெய் இருந்தால் அது வேறு கதை சொல்லலாம். யார் ஊற்றினார்கள் என்பதை ஆய்வகம் சொல்லாது. ஆனால் 'ஸ்டவ் வெடித்தது' என்ற கதை பொருந்துகிறதா என்று பார்க்க உதவும்.

சாட்சிகள் மாறினால்?

2000 பிப்ரவரி 2-ம் தேதி தருமபுரியில் வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் வந்த பேருந்துக்குத் தீ வைக்கப்பட்டதில் 3 மாணவிகள் உயிரிழந்தனர். பட்டப்பகலில் நடந்தது. ஆனாலும் முதலில் கிருஷ்ணகிரியில் நடந்த விசாரணையில் சாட்சிகள் பிறழ்ந்தனர். உயர் நீதிமன்றம் தலையிட்டு சேலத்துக்கு மாற்றிய பிறகே வழக்கு நிமிர்ந்தது.

2007 மே 9-ம் தேதி மதுரையில் தினகரன் அலுவலகம் தாக்கப்பட்டு எரிந்ததில் 3 ஊழியர்கள் இறந்தனர். 2009-ல் விசாரணை நீதிமன்றம் 17 பேரையும் விடுவித்தது. 2019-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை மாற்றி 9 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

பலர் கண் முன் நடந்த சம்பவங்களிலேயே இவ்வளவு இழுபறி. நள்ளிரவில் ஆள் இல்லாத குடோனில் நடந்தால் அங்கே இருக்கும் ஒரே சாட்சி தரையில் ஊறிய திரவம்தான்.

'பாசிட்டிவ்' வந்தால் குற்றம் உறுதியா?

இல்லை. இதற்கு உலகம் கொடுத்த விலை பெரிது.

1991 டிசம்பர் 23-ம் தேதி அமெரிக்காவின் டெக்சாஸில் கேமரூன் டாட் வில்லிங்ஹாம் என்பவரின் வீடு எரிந்து, அவருடைய 3 பெண் குழந்தைகளும் இறந்தனர். தரையில் இருந்த கருகல் வடிவங்களையும் கண்ணாடியில் இருந்த விரிசல்களையும் பார்த்து, திரவம் ஊற்றித்தான் எரித்தார் என்று விசாரணையாளர்கள் சொன்னார்கள். எடுத்த மாதிரிகளில் எரியூட்டி தெரிந்தது முன்வாசல் பக்கம் மட்டுமே. அந்த வாசலில் கரி அடுப்பு ஒன்று இருந்தது. 2004 பிப்ரவரி 17-ல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

2009-ல் மாநில தடயவியல் ஆணையத்துக்காக மறுஆய்வு செய்த நிபுணர், தீ வைத்ததாகச் சொன்ன முடிவுக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று அறிக்கை தந்தார். ஒரு அறை முழுவதும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும் நிலை வந்தால், பெட்ரோல் இல்லாமலேயே தரையில் அப்படிப்பட்ட வடிவங்கள் உருவாகும். சூடான கண்ணாடியில் தண்ணீர் பட்டாலே வலை வலையாக விரிசல் விழும். அமெரிக்காவின் தேசிய தீப் பாதுகாப்பு சங்கம் 1992-லேயே தீ விசாரணைக்கான வழிகாட்டி நூலை வெளியிட்டுவிட்டது. ஆனால் பழைய நம்பிக்கைகள் நீதிமன்றங்களை விட்டுப் போக ரொம்ப நாள் ஆனது.

'நெகட்டிவ்' வந்தாலும் அது கடைசி வார்த்தை இல்லை. ஊற்றியது முழுக்க எரிந்திருக்கலாம், தவறான இடத்தில் மாதிரி எடுத்திருக்கலாம், பையிலிருந்து கசிந்திருக்கலாம். ஸ்பிரிட், சானிடைசர் மாதிரி தண்ணீரில் கலப்பவை, தீயணைப்புத் தண்ணீரிலேயே கரைந்து போயிருக்கலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்தில் எழும் கேள்விகள்

விருதுநகர் மாவட்டத்தின் மாவட்ட முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. ஆயுள் தண்டனை வரை போகும் தீ வைப்பு வழக்குகள் இந்த அமர்வு நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருபவை. அரசு ஆய்வக அறிக்கையை நிபுணரை நேரில் அழைக்காமலே சாட்சியமாக எடுத்துக்கொள்ள பிஎன்எஸ்எஸ் 329 வழி செய்கிறது. நீதிமன்றம் விரும்பினால் நிபுணரை அழைத்து விசாரிக்கவும் முடியும்.

அப்போது கேட்க வேண்டிய கேள்விகள் இவை: மாதிரி எடுத்த இடம் பார்வை மகஜரில் குறிப்பிடப்பட்டிருக்கிறதா? தீ அணைந்து எத்தனை மணி நேரம் கழித்து எடுத்தார்கள்? எதில் அடைத்தார்கள்? ஒப்பீட்டு மாதிரி எங்கே? ஆய்வகம் போய்ச் சேர எத்தனை நாள் ஆனது? இதுவரை எங்கே வைத்திருந்தார்கள்?

பாதிக்கப்பட்டவர் தரப்பானாலும், குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பானாலும் இந்தக் கேள்விகள் ஒன்றேதான்.

உங்கள் இடத்தில் தீப்பிடித்தால் என்ன செய்யணும்?

1. தீ அணைந்தவுடன் பெருக்கிக் கழுவ வேண்டாம். பொக்லைன் வைத்து அள்ளவும் வேண்டாம். போலீசாரும் இன்சூரன்ஸ் சர்வேயரும் பார்க்கும் வரை அப்படியே இருக்கட்டும்.

2. எல்லாப் பக்கமும் செல்போனில் வீடியோ எடுங்கள். மீட்டர் பெட்டி, ஒயரிங், ஜெனரேட்டர், பைக் நின்ற இடம் எல்லாம் வர வேண்டும். நீங்களே மாதிரி எடுக்காதீர்கள், அது நீதிமன்றத்தில் நிற்காது.

3. சந்தேகம் இருந்தால் வாயால் சொல்லாமல் புகாரில் எழுதுங்கள். 'காரணம் தெரியவில்லை, தடயவியல் நிபுணர் பார்வையிட வேண்டும்' என்று ஒரு வரி போதும். புகார் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

4. குடோனில் வழக்கமாக இருக்கும் டீசல், தின்னர், ஆயில் எதையும் மறைக்காதீர்கள். மறைத்தது பின்னால் ஆய்வகத்தில் தெரிந்தால், சந்தேகம் உங்கள் மேலேயே திரும்பும்.

5. தீக்காயம் பட்டவர் என்றால், உடுத்தியிருந்த துணியைப் பத்திரப்படுத்தச் சொல்லி மருத்துவமனையிலும், அங்கே வரும் போலீசாரிடமும் கேளுங்கள்.

என்ன மாற வேண்டும்?

காரணம் தெரியாத எந்தத் தீயாக இருந்தாலும், எந்தப் பிரிவில் பதிவானாலும், முதல் நாளே மாதிரி எடுப்பது வழக்கமாக வேண்டும். விபத்து என்று பதிவான வழக்குக்கும் இது பொருந்த வேண்டும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் காவல் நிலையங்களில் நாலு புதுத் தகர டின்னும் ஒரு பெட்டி கையுறையும் தயாராக இருந்தால், நிபுணர் வந்தவுடன் வேலை தொடங்கிவிடும்.

மாதிரி எடுத்து வைத்தபின் விபத்து என்று தெரிந்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை, தீ வைத்தார் என்ற பழியிலிருந்து ஒருவர் தப்பிப்பார். எடுக்காமல் விட்டு, பிறகு சந்தேகம் வந்தால் திரும்பிப் போய் எடுக்க அங்கே ஒன்றும் இருக்காது.